திட்டக் குழுவில் அமர்வோர்க்குப் பயிற்சியும் விலக்கும்

நெசவுத் தொழிலைச் சேர்ந்த நம் அங்கத்தினர் சிலரும், ஏரிப் பாசனத்தை நம்பிப் பயிரிடும் அங்கத்தினர் சிலரும் சென்ற சில மாதங்களில் நம்மிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டிருக்கின்றனர். ஊரின் நிலத்தை எதற்குப் பயன்படுத்துவது, எந்தத் தெருவை அகலப்படுத்துவது, சாயப்பட்டறைக்கு எங்கே இடம் விடுவது என்பன போன்றவற்றை ஆராய்ந்து முடிவு சொல்லும் குழுக்களில் அமர்வதற்கு ஒருவருக்கு என்ன தகுதி வேண்டும்? அவர் பயிற்சி பெற்றிருக்க வேண்டுமென்று சட்டம் விதிக்கிறதா? விதிக்குமானால் அதிலிருந்து விலக்குப் பெறுவோர் யாவர்? ஓர் அங்கத்தினர் வெளிப்படையாகவே கேட்டுவிட்டார்: "எட்டாவது வகுப்போடு தறியில் உட்கார்ந்தவன் நான். என்னைக் குழுவில் சேர்த்தால் வரைபடத்தைப் பார்த்து நான் என்ன சொல்லப் போகிறேன்?" இக்கேள்விக்கு மரியாதையான விடை சொல்லவேண்டியது நம் கடமை. ஆகவே இம்மாதம் இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

முதலில், திட்டக் குழு என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஒன்றன்று என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னை மாகாணத்தில் நகரத் திட்டத்துக்கென முதன்முதல் இயற்றப்பட்டது 1920 ஆம் ஆண்டுச் சட்டம். அதற்குப் பதிலாக வந்ததே 1971 ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். இச்சட்டத்தின்படி ஒரு நகரையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்து உள்ளூர்த் திட்டப் பகுதி என்று அறிவித்து, அதற்கு ஓர் உள்ளூர்த் திட்டக் குழுமம் அமைக்கலாம். முழுமைத் திட்டம் எனப்படும் பெருந்திட்டத்தை வரைவதும், அதன்படி கட்டடங்களுக்கும் மனைப்பிரிவுகளுக்கும் இசைவு தருவதும் அதன் வேலைகள். இது ஒருவகை. மற்றொன்று, 1992 ஆம் ஆண்டின் 74 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஏற்படுத்திய மாவட்டத் திட்டக் குழு. ஊராட்சிகளும் நகராட்சிகளும் வகுக்கும் திட்டங்களை ஒன்றுசேர்த்து மாவட்டம் முழுவதற்கும் ஒரு வரைவுத் திட்டம் செய்வது இதன் பொறுப்பு. இதன் அங்கத்தினரில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதவர்கள், மாவட்ட ஊராட்சியிலும் நகராட்சிகளிலும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்துக்கொள்பவராக இருத்தல் வேண்டும். இடத்தைப் பகுத்தல், நீர் முதலிய இயற்கை வளங்களைப் பங்கிடல், சுற்றுச்சூழலைக் காத்தல் ஆகியவற்றைக் கருத்தில் கொள்ளவேண்டுமென்று அரசியலமைப்பே இக்குழுவுக்குச் சொல்லியிருக்கிறது. நீரைப் பங்கிடல் என்ற இரண்டு சொற்களை ஏரிக்கரை வாசிகள் ஊன்றிப் படிக்கவேண்டும்.

இவ்விரண்டிலும் அமரும் அங்கத்தினர், அமர்வதற்கு முன்னோ பின்னோ இத்தனை மணி நேரம் பயிற்சி பெற்றாகவேண்டும் என்ற நிபந்தனை 1971 ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இல்லை, அரசியலமைப்பிலும் இல்லை. குழுமத்தில் இடம்பெறும் திட்டத் துறை அலுவலர் தம் படிப்பினாலும் உத்தியோகத்தினாலும் தேர்ச்சியுடையவராக வருகிறார். மக்களிடமிருந்து வருபவருக்கோ அத்தகைய ஏற்பாடு சட்டத்தில் சொல்லப்படவில்லை. ஒருவர் அறிந்தவராகவும் மற்றவர் அறியாதவராகவும் ஒரே மேசையில் அமர்ந்தால் முடிவு எப்பக்கம் சாயும் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அலுவலர் மீது குறை சொல்வதற்காக நாம் இதை எழுதவில்லை. அறிந்தவர் பேசுவது இயல்பு. அறியாதவர் தலையசைப்பதும் இயல்பே.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதன்று. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே சற்றேறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில் உத்திரமேரூர் இருக்கிறது. அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் 12 ஆம் ஆட்சியாண்டிலும் 14 ஆம் ஆட்சியாண்டிலும், அதாவது கி.பி. 919 இலும் 921 இலும் வெட்டப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அறிவர். ஆனால் ஓலையைக் குடத்திலிட்டுக் குலுக்கினார்கள் என்பதோடு நம் பாடப் புத்தகங்கள் நின்றுவிடுகின்றன. குடத்தில் யார் பெயரை இடலாம் என்பதைப் பற்றியே அக்கல்வெட்டுகள் அதிகம் பேசுகின்றன. நம்முடைய கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு குடும்பிலிருந்து பெயர் எழுதப்படுவதற்கு, அம்மனிதர் இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராக இருக்கவேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்கவேண்டும். வயது முதற் கல்வெட்டின்படி 30 க்கு மேல் 60 க்குள். இரண்டாண்டு கழித்து அதை 35 க்கு மேல் 70 க்குள் என்று மாற்றினார்கள். வேத நூல்களைக் கற்றுப் பிறருக்குக் கற்பிக்கும் ஆற்றல் வேண்டும். காரியத்தில் நிபுணராகவும், நல்வழியில் ஈட்டிய பொருளுடையவராகவும் இருக்கவேண்டும். கடந்த மூன்றாண்டுகளில் வாரியம் செய்திராதவராகவும் இருக்கவேண்டும். (இன்று மின்சார வாரியம், வீட்டுவசதி வாரியம் என்று நாம் சொல்லும் சொல் இந்தக் கல்வெட்டுகளில் வழங்கிய சொல்லே.)

இவை தகுதிகள். இவற்றோடு ஒரு விலக்கும் அங்கே இருக்கிறது. கால் வேலி இல்லாமல் அரைக்கால் வேலி நிலமே உடையவராயினும், ஒரு வேதத்தையும் நான்கு பாடியங்களுள் ஒன்றையும் கற்று விரித்துரைக்க வல்லவரானால் அவர் பெயரையும் குடத்தில் இடலாம். பிற்கால அளவில் ஒரு வேலி என்பது சுமார் ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் கால் வேலி ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். அரைக்கால் வேலி ஓர் ஏக்கருக்கும் குறைவு. பொருளில் குறைந்தவர் அறிவினால் ஈடு செய்துகொள்ளலாம் என்று அந்தச் சபை விதித்தது. விலக்கு என்றால் சலுகை என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். இங்கோ விலக்குப் பெற்றவரிடம் ஒன்றைத் தளர்த்தி மற்றொன்றை அதிகமாகக் கேட்டிருக்கிறார்கள்.

பயிற்சியைப் பற்றியும் ஓர் ஏற்பாடு உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஓலை எடுத்துத் தேர்ந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் போவார்கள். ஆண்டுக் காரியங்களை மேற்பார்க்கும் சம்வத்சர வாரியமே பெரியது. அதில் அமர்த்தப்படுவோர், முன்னர்த் தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களும், கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவர்களுமாக இருக்கவேண்டும் என்று விதி செய்திருந்தனர். ஏரிக்கரையை மேற்பார்த்து, மடையைத் திறந்து மூடி, தோட்டத்தைக் கவனித்துத் தேர்ந்தவர்தான் ஊர் முழுவதற்கும் பொறுப்பேற்கலாம். வகுப்பறை இல்லை, சான்றிதழ் இல்லை. சிறிய பொறுப்பே பெரிய பொறுப்புக்குப் பயிற்சி. பதவிக் காலமோ 360 நாட்கள்தாம். அது முடிந்தால் வீட்டுக்குப் போய்விட வேண்டும். மூன்றாண்டுக்குக் குடத்தருகே வரக்கூடாது. ஆகவே ஊரில் வாரியம் செய்து பழகியவர்களின் தொகை ஆண்டுதோறும் வளர்ந்துகொண்டே போயிருக்கும்.

தகுதியிழப்போ மிகக் கடுமையானது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் பெயரைப் பிறகு எழுதக்கூடாது. அவர் பெயரை மட்டுமன்று. தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமனார், மருமகன், மைத்துனன், சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், அம்மான் மக்கள் என்று உறவு முறை நீண்டுகொண்டே போகிறது. இன்றைய நீதிக்கு இது ஒவ்வாது. தந்தை செய்த பிழைக்கு மகனைத் தள்ளுவதை நாம் ஏற்கமாட்டோம். எனினும், எந்தத் தகுதிக்கு விலக்குக் கொடுத்தாலும் கணக்குக் காட்டுவதற்கு மட்டும் யாருக்கும் விலக்கில்லை என்று அவர்கள் வைத்திருந்த உறுதி மெச்சத்தக்கது. நம் சங்கங்களில் பொதுக்குழு நாளன்று நினைவுகூர வேண்டிய செய்தி.

புகழ்ந்து நிறுத்திவிட்டால் உண்மையில் பாதியை மறைத்தவராவோம். உத்திரமேரூர் பிரமதேயம். அந்தச் சபையில் நெசவாளி இல்லை. உழுது பயிரிட்டவர் இல்லை. பெண்கள் அறவே இல்லை. வேதம் கற்றிருக்கவேண்டும் என்ற தகுதி, அதைக் கற்கும் உரிமை இல்லாதவரை வாயிலிலேயே நிறுத்திவிட்டது. கற்பதற்கு வழி செய்யாமல் கல்வியைத் தகுதியாக விதித்தால் அது தகுதியாகாது, அடைத்த கதவாகும். நம் நெசவாளருக்கு வேறிடத்தில் ஆறுதல் உண்டு. அதே நூற்றாண்டில் உத்தம சோழன் காலத்தில் வழங்கிய செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கச்சிப்பேட்டில், அதாவது நம் காஞ்சியில், ஊரகத்துத் திருமால் கோயிலின் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பு, பட்டசாலியர் எனப்பட்ட நெசவாளர் வாழ்ந்த சேரியாரிடம் ஒப்படைக்கப்பட்டதை அது தெரிவிக்கிறது. தறியில் உட்காருபவன் பொதுக் காரியம் பார்க்கலாமா என்ற கேள்விக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே விடை கிடைத்துவிட்டது.

இனி, இக்காலத்தில் மற்றை நாடுகள் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நியூயார்க் மாநிலம், 2007 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து, உள்ளூர்த் திட்டக் குழுவின் ஒவ்வோர் அங்கத்தினரும் ஆண்டுக்குக் குறைந்தது 4 மணி நேரம் பயிற்சி பெறவேண்டுமென்று விதித்திருக்கிறது. ஓராண்டில் கூடுதலாகக் கற்ற நேரத்தை மறு ஆண்டுக்குக் கொண்டுபோகலாம். எது தக்க பயிற்சி என்பதை அந்தந்த ஊர் மன்றமே தீர்மானிக்கும். பயிற்சி பெறாதவரை உடனே விலக்குவதில்லை. அவர் பங்குகொண்ட முடிவும் செல்லாமற்போவதில்லை. ஆனால் காலம் முடிந்தபின் அவரை மறுபடி நியமிக்க முடியாது. ஊரின் நன்மைக்கு உகந்ததென்று கருதினால், மன்றம் தீர்மானம் நிறைவேற்றி இந்த நிபந்தனையைத் தளர்த்தவோ விலக்கவோ செய்யலாம். தீர்மானம் நிறைவேற்றித்தான் விலக்கலாம் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். விலக்கு யாருக்கு, ஏன் கொடுக்கப்பட்டது என்பது பதிவேட்டில் இருக்கும்; ஊரார் படிக்கலாம், கேட்கலாம்.

அடுத்துள்ள நியூஜெர்சி மாநிலம் 2005 ஆம் ஆண்டில் செய்த சட்டம், நியமனம் பெற்ற 18 மாதங்களுக்குள் ஒரு பாடத்தை முடிக்கவேண்டும் என்கிறது. அங்கே விலக்குப் பெறுவோர் பட்டியல் சட்டத்திலேயே உள்ளது: நகரத் தலைவர், அவருக்குப் பதிலாக அமர்பவர், திட்டக் குழுவில் இடம்பெறும் நகர மன்ற அங்கத்தினர், உரிமம் பெற்ற திட்ட வல்லுநர். வல்லுநருக்கு விலக்குக் கொடுத்தது நியாயமே. நீந்தத் தெரிந்தவனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நகரத் தலைவருக்கு விலக்களித்ததை மட்டும் நாம் ஒப்ப முடியவில்லை. குழுவில் செல்வாக்கு மிக்கவருக்கே பாடம் வேண்டாமென்றால், பயிற்சி என்பது எளியவர் மீது சுமத்தும் சடங்காகிவிடும். ஸ்காட்லாந்தில் 2019 ஆம் ஆண்டுத் திட்டச் சட்டம், குறித்த பயிற்சியை முடிக்காத மன்ற அங்கத்தினர் திட்ட முடிவுகளில் பங்குகொள்ளாதபடி தடுப்பதற்கு அரசாங்கத்துக்கு அதிகாரம் தந்தது. இது நியூயார்க்கைவிடக் கண்டிப்பான வழி.

நம் நாட்டிலும் ஒரு சோதனை நடந்தது. ஆனால் அது பயிற்சியை விட்டுப் பள்ளிப் படிப்பைப் பற்றிக்கொண்டது. 2014 டிசம்பரில் இராஜஸ்தானமும், 2015 இல் ஹரியானாவும் ஊராட்சித் தேர்தலில் நிற்பதற்குப் படிப்புத் தகுதி விதித்தன. ஹரியானாவில் பொதுப் பிரிவினர்க்குப் பத்தாம் வகுப்பு. பெண்களுக்கும் ஆதிதிராவிட வகுப்பினர்க்கும் எட்டாம் வகுப்பு. ஊராட்சி உறுப்பினராக நிற்கும் ஆதிதிராவிடப் பெண்களுக்கு ஐந்தாம் வகுப்பு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2015 டிசம்பர் 10 ஆம் நாள் இராஜபாலா வழக்கில் அந்தச் சட்டம் செல்லுமென்று தீர்ப்பாயிற்று. இராஜஸ்தானம் 2019 இல் தன் விதியைத் தானே நீக்கிக்கொண்டது.

நீதிமன்றத் தீர்ப்புக்கு உரிய மதிப்பைத் தந்தே நாம் இதைச் சொல்கிறோம்: படிப்பு வேண்டாமென்பதன்று நம் கட்சி. படிக்கும் வாய்ப்பு இல்லாதபடி வளர்ந்த ஒரு தலைமுறையை, படிக்கவில்லை என்று சொல்லித் தள்ளுவது முறையன்று. தகுதி விதி ஒருவரை வெளியே நிறுத்துகிறது. பயிற்சி விதி உள்ளே வந்தவரை வளர்க்கிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்வதால்தான், பயிற்சி கட்டாயம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் நம்மவர்க்கு அச்சம் உண்டாகிறது. தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தலுக்குப் படிப்புத் தகுதி விதிக்கப்படவில்லை; 21 வயது நிரம்பிய வாக்காளர் நிற்கலாம். அப்படியானால் வந்தவரைப் பழக்கும் பொறுப்பு அரசாங்கத்தையும் உள்ளாட்சியையும் சேர்ந்ததாகிறது. நமக்கு அருகே மறைமலைநகரில் மாநில ஊரக வளர்ச்சி, ஊராட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. கேரளத்தில் 1990 இல் தொடங்கிய கிலா என்ற உள்ளாட்சி நிறுவனம் திருச்சூர் அருகே நடக்கிறது. 1996 இல் அங்கே மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, பணத்தைப் பகிர்ந்துகொடுத்ததோடு நில்லாமல், மாநில அளவில் சிலரைப் பழக்கி, அவர்கள் மாவட்டத்திலும், மாவட்டத்தார் ஊர்களிலும் பழக்கும்படி படிப்படியாகப் பயிற்சியைக் கொண்டுசென்றார்கள். ஆசிரியர், ஓய்வுபெற்ற பொறியாளர், உழவர் என்று பலரும் அதில் இடம்பெற்றனர்.

கூட்டுறவுத் துறையில் இருக்கும் நமக்கு இவ்விஷயம் அந்நியமன்று. இந்தியாவில் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904 அக்டோபரில் பதிவானது இந்தக் காஞ்சிபுரத்தில்தான். 2011 ஆம் ஆண்டின் 97 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றி ஒரு பகுதியைச் சேர்த்தபோது, வங்கித் தொழில், நிர்வாகம், நிதி முதலியவற்றில் பழகிய இருவர் வரை இயக்குநர் குழுவில் சேர்த்துக்கொள்ள இடமளித்தது. அவர்கள் நிர்வாகிகள் தேர்தலில் வாக்களிக்கவும் பதவி வகிக்கவும் உரிமை கொடுக்கவில்லை. அங்கத்தினர்க்குக் கல்வியும் பயிற்சியும் அளிக்க மாநிலங்கள் சட்டம் செய்யலாம் என்றும் சொல்லியிருந்தது. மாநிலச் சங்கங்களைப் பொறுத்தமட்டில் அப்பகுதி செல்லாதென்று 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. மாநிலங்களின் இசைவு பெறாததே காரணம். ஆயினும் அதிலிருந்த கருத்து நல்லது: வல்லுநர் அருகே உட்காரட்டும், பதவியும் பொறுப்பும் அங்கத்தினரிடமே இருக்கட்டும்.

சரி, பயிற்சி என்றால் எதைக் கற்பிப்பது? இங்கேதான் காஞ்சிபுரத்தின் தனி நிலைமை வருகிறது. 1866 இல் நகராட்சியாகி 2021 இல் மாநகராட்சியான இந்த ஊரில், வீடு வேறு தொழிற்கூடம் வேறு என்று வரைபடத்தில் இரண்டு நிறம் தீட்டிப் பிரித்துவிட முடியாது. பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நடந்து பார்த்தவர் இதை அறிவர். வீட்டின் கூடத்திலேயே குழித்தறி இருக்கிறது. விடியற்காலையில் பாவைத் தெரு நெடுக நீட்டிக் கஞ்சியிட்டு உலர்த்துகிறார்கள். அத்தெரு போக்குவரத்துக்கு வழியாயிருப்பதோடு, காலையில் இரண்டு மணி நேரம் தொழிற்கூடமாகவும் இருக்கிறது. கோயில் தேர் ஓடும் வீதியோ திருவிழா நாட்களில் வேறொரு காரியத்துக்கு ஆகிறது. வரைபடத்தில் இவையெல்லாம் ஒரே கோடு. அந்தக் கோட்டைச் சற்று நகர்த்தி, வண்டிகள் விரைந்து போகும் சாலையாக்கலாம் என்று மேசையில் பேசும்போது, "அப்படியானால் பாவு எங்கே போடுவது?" என்று கேட்க ஒருவர் அங்கே இருக்கவேண்டும். கேட்பதற்குத் தறி தெரிந்தால் போதும். ஆனால் எந்தக் கட்டத்தில், எந்த விதியைக் காட்டி, எழுத்தில் கேட்டால் அது பதிவாகும் என்பதற்குப் பயிற்சி வேண்டும். முழுமைத் திட்ட வரைவு வெளியானபின் குறித்த காலத்துக்குள் ஆட்சேபங்களையும் யோசனைகளையும் எழுதித் தர மக்களுக்கு உரிமை உண்டு. காலம் கடந்தபின் தெருமுனையில் கூடி முழங்குவதைவிட, காலத்துக்குள் கொடுத்த அரைப் பக்கம் அதிகப் பயன் தரும்.

நெசவாளிக்கும் உழவனுக்கும் ஒரே குழுவில் முரண்பாடும் வரும் என்பதை நாம் மறைப்பதற்கில்லை. பட்டுக்குச் சாயம் வேண்டும். சாயப்பட்டறைக்கு நீர் வேண்டும். பயன்படுத்திய நீர் எங்கேனும் போகவேண்டும். அது வேகவதியிலோ பாலாற்றுப் படுகையிலோ ஏரிக் கால்வாயிலோ சேர்ந்தால் பயிர் என்னாகும்? இரு சாராரும் நம் இதழைப் படிப்பவர்கள். இரு சாராரும் நமக்கு வேண்டியவர்கள். சாயக் கழிவைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்துக்கு எவ்வளவு நிலம் வேண்டும், அது எந்தச் சரிவில் இருக்கவேண்டும், ஏரியின் நீர்ப்பிடிப்பு எதுவரை என்று நில அளவைப் படத்தையும் புல எண்ணையும் பார்த்துச் சொல்லத் தெரிந்த அங்கத்தினர் இருவர், ஒவ்வொரு பக்கமும் இருந்தால், சண்டை பாதி குறையும். படம் தெரியாதவர்களுக்குள் நடக்கும் சண்டையை, படம் தெரிந்த மூன்றாமவர் தீர்த்துவைத்து மனையாக்கிவிடுவார்.

ஆகவே நம் கருத்தில் பயிற்சி கட்டாயமாகவே இருக்கவேண்டும்; ஆனால் அது பதவிக்கு வந்தபின், முதல் ஆறு மாதத்துக்குள், பொதுப் பணத்தில், தமிழில் நடக்கவேண்டும். புல எண், நில அளவைப் படம், நிலப்பயன் நிறங்கள், ஆட்சேபம் கேட்கும் முறை, தன் சொந்த நிலம் சம்பந்தப்பட்டால் எழுந்து வெளியே போகவேண்டிய கடமை, இவ்வளவும் இரண்டு நாளில் சொல்லிக்கொடுக்கக் கூடியவை. கடைசியில் சொன்னதே முதலில் சொல்லவேண்டியது. தன் மனைக்குப் பக்கத்தில் சாலை வருவதற்குத் தானே கைதூக்குபவருக்கு மற்றப் பாடங்கள் தெரிந்திருப்பது ஊருக்கு ஆபத்து.

விலக்கு யாருக்கு? திட்டத் துறையில் பட்டமும் பழக்கமும் உடையவருக்குப் படப் பாடத்தில் விலக்குத் தரலாம். ஆனால் அவருக்குத் தறித்தெருவிலும் ஏரிக்கரையிலும் ஒரு நாள் கட்டாயம் வேண்டும். முன்னர் ஒரு காலவரை முழுவதும் இதே குழுவில் இருந்தவருக்கு முதற் பாடத்தில் விலக்குத் தரலாம். நோய்ப்பட்டவர்க்கும், பிள்ளை பெற்ற பெண்களுக்கும் காலத்தை நீட்டித் தரவேண்டும், விலக்கிவிடக் கூடாது. தலைவருக்கு எக்காரணத்தாலும் விலக்கு வேண்டாம். கொடுத்த விலக்கு ஒவ்வொன்றும் தீர்மானப் புத்தகத்தில் காரணத்தோடு ஏறவேண்டும்.

மற்றொரு விலக்கு எங்கும் எழுதப்படாமலே நடந்துகொண்டிருக்கிறது. பயிற்சிக்கு வராமல் வந்ததாகக் கையெழுத்திடும் விலக்கைச் சொல்கிறோம். ஒருமுறை, எந்த அமைப்பு என்று சொல்ல விரும்பவில்லை, ஒரு பயிற்சி வகுப்புக்கு நாமும் சென்றிருந்தோம். வருகைப் பட்டியலில் நாற்பது கையெழுத்துகள்; நாற்காலிகளில் பதினொரு பேர். வராதவர்களைக் கடிந்துகொள்ளத் தோன்றிற்று. வந்திருந்த நெசவாளர் ஒருவரிடம் பேசியபின் எண்ணம் மாறியது. அவர் அன்று தறியை நிறுத்திவிட்டு வந்திருந்தார். கூலி வீட்டிலிருந்தே போயிற்று. உச்சிப்பொழுதுவரை கேட்டது முழுதும் ஆங்கிலச் சொற்கள். "சாப்பாடு நன்றாயிருந்தது ஐயா" என்று மட்டும் சொன்னார். உழவர் கதையும் இதுவேதான்; மடை திறக்கும் முறைநாளில் வகுப்பு வைத்தால் எந்தச் சட்டமும் அவரை நாற்காலியில் உட்காரவைக்க முடியாது.

எனவே பயிற்சி நாளுக்கு அன்றைய கூலிக்கு ஈடு தருவது விதியிலேயே இடம்பெறவேண்டும். நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் ஊரறிந்தவர் யோசனையைக் கேட்கவேண்டும். மார்கழியில் முகூர்த்தம் இல்லை, நெசவாளி ஓய்வாக இருப்பான் என்று வெளியூர் அலுவலர் எண்ணுவார். தை முகூர்த்தத்துக்குரிய சேலை மார்கழியில்தான் தறியில் ஏறியிருக்கிறது, ஆவணிக்குரியது ஆடியில். அந்த ஆடியிலேயே உழவனுக்கு விதைப்பு வேலை. அமாவாசையன்று தறி நிறுத்தும் வழக்கமுள்ள தெருக்களில் அமாவாசை வகுப்புக்கு ஏற்ற நாள். இடத்துக்கு அலையவேண்டியதில்லை, சங்கக் கட்டடங்களின் கூடத்தில் முப்பது பேர் தாராளமாக உட்காரலாம். சுவரில் மாட்டுவதற்கு ஊரின் நில அளவைப் படம் ஒன்றும், அதைப் படிக்கத் தெரிந்து தமிழில் சொல்லக்கூடிய ஒருவரும் வேண்டும். அங்கத்தினர்கள் தத்தம் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவந்து, மாநகராட்சிக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் நகர் ஊரமைப்புத் துறைக்கும் அனுப்பலாம். தீர்மானத்தின் வாசகம் வேண்டுவோர் நம் அலுவலகத்துக்கு எழுதினால் படி அனுப்பிவைப்போம்.